பச்சை இலை அச்சிட்ட பை



2022-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை 10 அன்று வந்தது. அவ்வருடம் நாங்கள் குர்பானி கொடுத்த கிடா, நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு வாங்கிக் கொல்லையில் கட்டி வளர்த்தது. என் இளைய மகன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அகத்திக்கீரையும் ஆலந்தழையும் தேடி வாங்கிப் போட்டோம். மாலையில் அவிழ்த்துவிட்டால் தெருமுனை வரை போய்த் தானாகவே திரும்பி வரும். அந்தத் தெருமுனையில்தான் எங்கள் தெருவின் குப்பைத் தொட்டியும் இருந்தது.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வந்து ஆண்கள் அறுத்து உரித்துக் கறி பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலையும் காலும் குடலும் வழக்கம்போல் பெண்கள் பக்கம் வந்தன. குடல் கழுவுவதில் என் மாமிக்கு நிகரானவர் எங்கள் தெருவில் இல்லை. வெந்நீரில் முக்கி, சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் சுரண்டி வெள்ளைத் துணிபோல் எடுத்துவிடுவார். அன்று இரைப்பையைக் கீறித் தழையை வழித்துக் கொட்டியவர், கையை உள்ளே விட்டபடியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வெளியே இழுத்தார். கைப்பிடிக்குள் அடங்காத ஓர் உருண்டை. கல் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீரில் அலசிப் பிரிக்கப் பிரிக்க நீளமாக வந்தது. கறுப்பு, வெள்ளை, மங்கிய நீலம் என எல்லாமே பிளாஸ்டிக் கவர்கள். ஆடு எத்தனை நாள் அசைபோட்டும் கரையாமல், வெளியேறவும் வழியில்லாமல், ஒன்றோடொன்று திரண்டு இறுகியிருந்தன. அவற்றில் ஒன்றின் முடிச்சுக்கூட அவிழவில்லை. இரண்டு காதையும் இழுத்து இருமுறை சுற்றி இறுக்கிப் போடும் முடிச்சு.

மாமி அந்த முடிச்சையும் என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக் குப்பையைக் கவரில் போட்டு அப்படி முடிச்சிட்டுத் தெருமுனையில் வைப்பது என் அன்றாட வேலை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் முடிகிறார்கள் என்று அப்போதும் சொல்லிக்கொண்டேன், இப்போதும் சொல்லிக்கொள்ளலாம். ஆடு எங்களிடம் வருவதற்கு முன்பே தின்றிருக்கலாம் என்றும் சொல்லலாம்.

அதைவிட என்னைத் தைத்தது வேறொன்று. அந்த உருண்டை கிடந்த தட்டுக்கு எதிரே, கறியை மூன்று பங்காக்கி, உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பதற்காக நான் புதிய கறுப்புக் கவர்களை எண்ணி வைத்திருந்தேன். நாற்பத்தைந்து கவர்கள். அன்றைக்கு அவற்றில்தான் கறியைப் போட்டு அனுப்பினேன். வேறு வழி தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வயிற்றில் இத்தனை கழிவைச் சுமந்த பிராணி குர்பானிக்குத் தகுதியானதுதானா? அன்று மாலையே என் கணவர் ஆலிம்சாவிடம் கேட்டு வந்தார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குருடு, தெளிவான நோய், தெளிவான நொண்டித்தனம், எலும்பு மட்டும் மிஞ்சிய மெலிவு ஆகிய குறைகளையே ஹதீஸ் பேசுகிறது. ஓடியாடித் தின்றுகொண்டிருந்த ஆட்டின் வயிற்றுக்குள் இருந்ததை நீங்கள் அறிய முடியாது, குர்பானி நிறைவேறிவிட்டது, கவலை வேண்டாம் என்றாராம். கணவருக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான், குர்பானியைப் பொறுத்தவரை.

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. கடல்வாழ் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல். தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ள கடல். கவரும் அங்கேதான் போய்ச் சேருகிறது. வலையில் மீனோடு கவர் ஏறுவதை மீன் வியாபாரம் செய்யும் என் கணவர் ஏதோ ஒரு மீனின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். தண்ணீரில் மிதக்கும் கவர் கடலாமையின் கண்ணுக்குச் சொறி மீனாகத் தெரிகிறது; தின்றுவிடுகிறது. தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டதற்கு மனிதக் கைகளின் சம்பாத்தியமே காரணம் என்னும் கருத்தைச் சொல்லும் அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆவது வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். கைகள் என்ற சொல்லை அதுவரை வேறு யாருடைய கைகளாகவோ எண்ணியிருந்தேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. மஞ்சப்பை எங்கள் வீட்டிலும் நான்கைந்து உண்டு. காய்கறிக்கும் மளிகைக்கும் அது போதும். ஆனால் ஈரம் சொட்டும் கறியை மஞ்சப்பையில் போட முடியுமா? மீன் செதிலையும் ஆட்டுக்குடல் கழிவையும் போட முடியுமா? பேச்சாளர்கள் இந்த இடத்தை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுப்படியில் நிற்பவளால் அப்படித் தாண்ட முடிவதில்லை.

அப்போதுதான் மக்கும் பையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தோடு, நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய வேறு சில பொருள்களைச் சேர்த்துச் செய்வது, பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் போலவே இருக்கும், ஈரம் தாங்கும், மண்ணில் உரமாகிவிடும் என்று சொன்னார்கள். எனக்குப் பெரிய திறப்பாகத் தெரிந்தது. பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, பையை மாற்றினால் போதும். இப்படி எளிதாக வந்த விடையை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

வாரந்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸாவின் மாடியில் பெண்களுக்கான தஃலீம் நடக்கும். 2023 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஆலிமாவிடம் அனுமதி வாங்கி நான் பத்து நிமிடம் பேசினேன். ஆட்டின் வயிற்றில் கண்டதைச் சொன்னேன். வீண்விரயத்தை மார்க்கம் வெறுப்பதைச் சொன்னேன். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், அதைப் பாதையில் போடாமலே இருப்பது எத்தகையது என்று கேட்டேன். சிலர் கண்கலங்கினார்கள். பேசி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இருபத்திரண்டு வீட்டார் வீட்டுக்கு 150 ரூபாய் கொடுத்தார்கள். 3,300 ரூபாய்.

பக்கத்து நகரத்தில் ஒரு மொத்தக் கடையில் பைகள் கிடைத்தன. வெளிர்பச்சை நிறம். நடுவில் அழகான பச்சை இலை. அதன் கீழே நூறு விழுக்காடு மக்கும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலை சாதாரணக் கவரைப்போல் ஐந்து மடங்கு. விலை கூடுதலாக இருந்ததே எனக்கு நம்பிக்கையைத் தந்தது. அந்தப் பெருநாளில் எங்கள் தெருவிலிருந்து கறி முழுவதும் பச்சைப் பையில் போனது. மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என் கணவரை நிறுத்தி, உங்கள் வீட்டார் நல்ல காரியம் செய்தார்கள், மாஷா அல்லாஹ் என்று சொன்னாராம்.

கொல்லையில் நான் ஒரு மண்தொட்டி வைத்திருந்தேன். பழைய தண்ணீர்த் தொட்டிதான். அடியில் துளையிட்டுக் காய்ந்த இலை, சாணம், காய்கறித் தோல் என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடிவைப்பேன். பெருநாள் கழிந்த வாரம் அதில் இரண்டு பச்சைப் பைகளையும் போட்டேன். சோதிப்பதற்காக என்று சொன்னால் பொய்யாகும். மக்கிவிடும் என்று உறுதியாக நம்பித்தான் போட்டேன்.

அக்டோபரில் முருங்கைக் கன்றுக்கு உரம் வேண்டித் தொட்டியைக் கிளறினேன். தோலெல்லாம் மக்கி, கறுத்து, மழை பெய்த மண்ணின் மணம் வந்தது. அதற்குள் வெளிர்பச்சையாக ஏதோ சிதறிக் கிடந்தது. விரல்நகத்தளவு, அதைவிடச் சிறியது, கடுகளவு என்று நூற்றுக்கணக்கில். எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தேன். நெகிழ்ந்தது, அறவில்லை. ஒரு துண்டில் அந்த இலையின் பாதி முழுசாக இருந்தது. மற்ற இடங்களில் உரத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது. அந்த உரத்தை என்ன செய்வதென்றே தெரியாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். முழுக் கவராக இருந்தாலாவது கையால் பொறுக்கி எடுத்திருக்கலாம்.

என் அக்காள் மகன் வேதியியல் படித்தவன். அவனிடம் துண்டுகளைக் காட்டினேன். பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாச்சி, இதில் சான்றிதழ் எண்ணே இல்லையே" என்றான். அன்று அவன் சொல்லித் தெரிந்துகொண்டதை, இதைப் படிக்கும் சகோதரிகள் என்னைப்போல் ஏமாறாமல் இருப்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைகளில் சூழலுக்கு உகந்தது என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே இனமல்ல. ஒருவகை, சாதாரண பாலித்தீனிலேயே சில உப்புகளைக் கலந்து செய்வது. வெயிலும் காற்றும் பட்டால் அது நொறுங்கும். ஆக்ஸோ வகை என்பார்கள். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. நொறுங்கியது கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, பிளாஸ்டிக்காகவே மண்ணிலும் நீரிலும் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இவ்வகையைத் தடையே செய்துவிட்டது. என் தொட்டியில் கிடந்தது இதுவா, அல்லது பச்சைச் சாயமிட்ட வெறும் பாலித்தீனா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும் என்றான்.

உண்மையான மக்கும் பைக்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரநிலை உண்டு. உரமாக்கும் நிலையத்தின் சூட்டில், அதாவது ஏறத்தாழ 58 டிகிரி செல்சியசில், 12 வாரத்தில் சல்லடையில் தங்காத அளவுக்குப் பெரும்பகுதி சிதைய வேண்டும். 180 நாள்களுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 விழுக்காட்டை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கிவிட வேண்டும். மிஞ்சும் உரத்தில் பயிர் கெடாமல் முளைக்க வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய பையைத் தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும். தயாரிப்பாளரின் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். பச்சை இலைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. பச்சை நிறத்துக்கும் இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. எனக்கு வந்ததைத்தான் விற்கிறேன், யார் போய்ப் புதைத்துப் பார்க்கிறார்கள் என்றார். அவரைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். வரும் வழியில், பேருந்திலேயே, அந்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே படிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இதுவரை இந்த ஹதீஸை நான் கடைக்காரர்களுக்கு உரியதாகவே படித்திருக்கிறேன். அன்று வேறாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வீட்டாரிடம் பணம் வாங்கிப் பையைக் கொடுத்தவள் நான். கடைக்காரரை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. ஈரம் இருப்பது எனக்கு முன்பு தெரியாது, சரி. இப்போது என் விரலில் பட்டுவிட்டதே.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது. எல்லாரும் மறந்துவிட்டார்கள், இனி நல்ல பையாகப் பார்த்து வாங்கிக்கொள், போய்ச் சொன்னால் அடுத்த முறை நீ எது சொன்னாலும் நம்ப மாட்டார்கள், நல்ல காரியமே கெட்டுப் போகும் என்பது என் கணவரின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள் உண்மையான பையையும் நம்பாமல் பழைய கறுப்புக் கவருக்கே திரும்பக்கூடும். மாமி திண்ணையில் தஸ்பீஹோடு இருந்தார். நாங்கள் அவருடைய கருத்தைக் கேட்கவில்லை. அவராகவே, "அந்த வீடுகள்லயும் தொட்டி வெச்சிருக்காங்கல்ல புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

என் பேச்சைக் கேட்டு ஐந்தாறு வீட்டார் உரத்தொட்டி வைத்திருந்தார்கள். அந்த உரத்தில் கீரை போட்டிருந்தார்கள். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்த தஃலீமில் எழுந்து சொன்னேன். ஒரு கிண்ணத்தில் அந்தப் பச்சைத் துண்டுகளையும் கொண்டுபோயிருந்தேன். கிண்ணம் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. முதல் பேச்சுக்கு இருந்த தொண்டை அன்று இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் இன்னொருவர். அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலோர் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். நால்வர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கையில் வாங்கிய 150 ரூபாயை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இதுக்கு நான் ஒரு நாள் முழுக்க வேலை பார்க்கணும், அதான்" என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய வீட்டில் வருமானம் அவ்வளவுதான் என்பதையும் நான் முதலில் பணம் வசூலித்தபோது நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

பிறகு, சான்றிதழ் எண் உள்ள பைகளைத் தேடி வரவழைத்தேன். எண்ணை வாரியத்தின் பட்டியலில் அக்காள் மகன் சரிபார்த்துக் கொடுத்தான். இம்முறை யாரிடமும் பணம் வாங்கவில்லை. முதலில் என் தொட்டியில் போட்டேன். நவம்பரில் போட்டதை மார்ச்சில் கிளறினேன். ஓரங்கள் கரைந்து, நடுவில் வலைபோல் ஓட்டை விழுந்து, தொட்டால் நனைந்த அப்பளம்போல் பிய்ந்தது. முழுவதும் போய்விடவில்லை. ஆறு மாதம் கடந்தபின்தான் தேடினாலும் கிடைக்காமல் போனது. காரணம் எளிது. தரநிலை சொல்லும் 58 டிகிரி சூடு பெரிய குவியல்களில் வரும். என் தொட்டிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவே. ஆகவே உண்மையான பையும் எங்கே போட்டாலும் மக்கிவிடும் என்பதற்கில்லை. சாக்கடையில் அடைத்துக்கொண்டால் அதுவும் அடைப்புதான். குளிர்ந்த கடல்நீரில் அதுவும் நெடுநாள் மிதக்கும். ஆமைக்கு அதன் சான்றிதழ் எண்ணைப் படிக்கத் தெரியாது.

இன்னும் சிலவற்றைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மொத்தமாக வாங்கிப் பரணில் வைத்த கட்டு ஒரு வருடத்தில் பிசுபிசுத்து, பிரிக்கும்போதே கிழிந்தது. தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். 2024 ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க வருவோருக்காக நூறு பைகள் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சியின் சூட்டில் இளகி, ஒரு சிறுவனின் கையிலேயே அடித்தையல் பிரிந்தது. அல்லாஹ்வின் காவல், காலில் சில துளிகள்தாம் பட்டன. சூடான கஞ்சியைச் சாதாரண பிளாஸ்டிக் கவரில் ஊற்றுவதும் உடம்புக்கு நல்லதல்ல. ஆனால் அது பிரியாது. கஞ்சிக்கு எந்தப் பையும் தீர்வல்ல என்று அந்தச் சிறுவனின் உம்மா என்னிடம் நன்றாகவே எடுத்துச் சொன்னார்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கஞ்சிக்குத் தூக்குவாளி கொண்டுபோவோம். யார் வாளி பெரியது என்று வரிசையில் சண்டை நடக்கும். அதற்கே திரும்பலாம் என்று ஜமாஅத்தில் கேட்டுக்கொண்டோம். நிர்வாகிகளும் அறிவிப்புச் செய்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வாளியோடு வந்துவிட்டார்கள். கட்டட வேலைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளர்களுக்கும், வழியோடு போகும்போது கஞ்சி கேட்கும் மாற்றுமதச் சகோதரர்களுக்கும் பாத்திரம் ஏது? அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே எவர்சில்வர் குவளைகள் வாங்கிவைத்து, உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கஞ்சியைப் பையில் வாங்கிக்கொண்டு வாசலோடு போனவர்கள் இப்போது அரைமணி நேரம் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் திட்டமிடாத பரக்கத் இது.

இதே யோசனையைக் குர்பானிக் கறிக்கும் சொல்லப் போனேன்: கறி வாங்க வருவோர் பாத்திரம் கொண்டுவரட்டும் என்று. தஃலீமில் 150 ரூபாயைத் திரும்ப வாங்கிய அந்தப் பெண்மணிதான் என்னை ஓரமாக அழைத்து நிறுத்தினார். "ராத்தா, கறுப்புக் கவர்ல வாங்கினா என்ன வாங்கிட்டுப் போறேன்னு யாருக்கும் தெரியாது. சட்டியைத் தூக்கிட்டு உங்க வாசல்ல நின்னா தெருவே பார்க்கும்."

ஒரு கவர் செய்யும் வேலைகளில் மறைப்பதும் ஒன்று என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கொடுப்பதை இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வாங்குகிறவரைத் தெருவில் சட்டியோடு நிறுத்தப் பார்த்தேன். மண்ணைக் காப்பதற்காக என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்றிரவு மாமியிடம் இதைச் சொன்னபோது, அவர் காலத்தில் கறி எப்படிப் போனது என்று கேட்டேன். இத்தனை நாள் அதைக் கேட்காமல் இருந்ததும் வியப்புதான். பனையோலைக் கொட்டானில் வாழையிலையைப் பரப்பிக் கறியை வைத்து, மேலே இன்னோர் இலையை மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். யாரும் வாங்க வரமாட்டார்கள், நாம்தான் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றார். பனைக்குப் பஞ்சமில்லாத இந்த மாவட்டத்தில் கொட்டான் முடைகிற பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் நாற்பத்தைந்து கொட்டானின் விலை எங்கள் கைக்கு மீறியது. பதினைந்து வாங்கினோம். மீதிக்கு வீட்டிலிருந்த மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குகளையும் சம்படங்களையும் எடுத்தோம். அக்கம்பக்கத்து வீடுகளில் பரணில் தூங்கிய பாத்திரங்களும் இறங்கி வந்தன. கலியாணச் சீராக வந்து முப்பது வருடம் வெளிச்சம் காணாதவை.

2024 ஜூன் 17, பெருநாள். என் மகன்கள் இருவரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சைக்கிளில் ஏறி வீடுவீடாகக் கறியைக் கொண்டுபோனார்கள். மூடிய தூக்கில் என்ன போகிறது என்று யாருக்குத் தெரியும்? சொந்தக்காரர் வீட்டுக்கும் அதே தூக்கு, ஏழை வீட்டுக்கும் அதே தூக்கு. பை முழுவதும் ஒழிந்துவிடவில்லை. கொழுப்பும் சவ்வும் குடற்கழிவும் போட மக்கும் பையைத்தான் பயன்படுத்தினோம். அவற்றைத் தெருமுனையில் வைக்காமல், கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டிப் பையோடு புதைத்தோம். அந்தப் பைக்கு உரிய இடம் எங்கள் வீட்டில் அதுதான் என்று இப்போது முடிவுக்கு வந்திருக்கிறோம். அன்றாட அடுப்படிக் குப்பைக்கு உறையே போடுவதில்லை. வாளியை நேராகத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவிவிடுகிறேன். முதல் வாரம் அருவருப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மீன் கழிவு மட்டும் இன்னும் சங்கடம்தான். பூனைகளோடு ஓர் உடன்படிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

பாத்திரம் அனுப்பியதில் நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. நம்மவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தூக்குகள் திரும்பி வந்தன: ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் நான்கு முட்டை, ஒன்றில் வட்டலப்பம். இல்லாதவர்களுக்கு இது பாரமாகுமே என்று எனக்குக் கவலை. அந்தப் பெண்மணியின் வீட்டிலிருந்து தூக்கு வரவே இல்லை. கேட்டனுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். பத்து நாள் கழித்து அவரே வந்தார். தூக்கு நிறையக் கறிவேப்பிலை. "நீங்க கொடுத்த உரம்தான் ராத்தா, புது உரம்" என்றார்.

2025 பெருநாளிலும் மாமிதான் குடல் கழுவினார். இந்தக் கிடாவை மாலையில் அவிழ்த்துவிடாமல் கொல்லையிலேயே வைத்திருந்தோம். இரைப்பையைக் கீறிக் கையை உள்ளே விட்டவர், ஒன்றும் சொல்லாமல் துழாவினார். நானும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டே நின்றோம். தழை, தழை, இன்னும் தழை. கடைசியில் மிட்டாய்த் தாள் ஒன்று, கட்டைவிரல் அகலம். இளையவன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன பெருநாளில் போன தூக்குகளில் மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று மாமிக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.